அறுபது கிராம்

தராசு மக்கர் பண்ணும் நாட்களில்
உறையை உள்ளங்கையில் ஏந்திச் சொல்லிவிடுவேன்:
"இருபதைத் தாண்டுது, இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டுங்க."
இருபத்தாறு வருஷம்
ஃபிரேசர் டவுன் தபால் நிலையத்தில்
ஊரார் கனத்தையெல்லாம் நிறுத்த கை.

இப்போது
தோலுரித்த கோழி நெஞ்சை நிறுக்கிறது.
அறுபது கிராம்.
மூன்று சாதாரணக் கடிதங்கள்.

பௌரிங் ஆஸ்பத்திரியில்
டயட் சொல்லும் பெண் பவித்ரா
என் இடக்கையைப் பிடித்து விரல்களை மடக்கி
உள்ளங்கையில் பேனாவால் ஒரு கட்டம் போட்டாள்.
"இஷ்டே மேடம். இதுக்கு மேல ஸ்வல்பகூட பேட."
இரண்டு நாள் அந்தக் கட்டத்தை அழிய விடவில்லை;
பாத்திரமெல்லாம் ஒரு கையாலேயே கழுவினேன்.

தவக்காலம் நாற்பது நாளும் கவுச்சி தொடாதவள் நான்.
அது சாமிக்காக.
கிரியாட்டினினுக்காக விரதம் இருப்பேன் என்று
எந்தப் பாதிரியாரும் சொல்லித் தரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்தால் ரஸ்ஸல் மார்க்கெட்.
செலஸ்டின் பையை விரிப்பார், நான் பட்டியலை.
கருவாட்டுக் கடைகளைச் சுற்றிக்கொண்டு போகிறோம்,
மூக்கு மட்டும் உள்ளே போய்வருகிறது.
பன்றி சாஸேஜ் கிடையாது. ஈரல் கிடையாது. மூளையும்.
பாஸ்பரஸாம்.
பாஸ்பரஸ் என்றால் தீப்பெட்டி என்றிருந்தேன்,
எலும்பையும் அது தின்னும் என்று யார் கண்டது.
காய்ச்சலில் படுத்த பிள்ளைகளுக்கெல்லாம்
நெஞ்செலும்புச் சூப் வைத்துக் கொடுத்தேனே,
அதுவும் ஆகாது.
கட்லாவில் ஒரு நடுத்துண்டு ஆகும்.
முட்டையில் வெள்ளை ஆகும்;
மஞ்சளெல்லாம் சின்னவன் தட்டுக்கு.
தினமும் இரண்டு மஞ்சள் தின்று
அவனுக்கே முட்டை வெறுத்துவிட்டது.
துவரம்பருப்பும் கணக்கில் வருமென்றதும்
செலஸ்டினுக்குக் கோபம் வந்தது:
"பருப்பு எப்போடி கறியாச்சு?"

நயாஸ் பாய் கடையில்
கொக்கியில் ஆடு தலைகீழாய்.
கொழுப்பை விலக்கினால் இரண்டு,
ஈரமாய், பளபளவென்று,
வேலை எதுவும் பாக்கி வைக்காமல் போனவை.
"அக்கா, குண்டிக்காய். காசு வேணாம்.
எதுல கோளாறோ அதையே சாப்பிடணும்."
யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கையை நீட்டினேன்.
இரண்டையும் வைத்தார்.
கை சொன்னது: நூற்றுப் பத்து.

ஸ்கேன் எடுத்தவர் என்னுடையதைச் சென்டிமீட்டரில் சொன்னார்,
ஒன்று எட்டு, ஒன்று ஏழரை, சுருங்கியிருக்கு என்று.
கிராமில் யாரும் சொன்னதில்லை.
பொட்டலத்தைத் திருப்பி அனுப்பும்போது
முத்திரை குத்துவோம்: பெறுநர் ஏற்க மறுத்தார்.
அப்படித்தான் திருப்பிக் கொடுத்தேன்.
கை துடைக்க ஒரு கன்னடப் பேப்பரைக் கிழித்து நீட்டினார்,
வேறெதுவும் கேட்கவில்லை.

மழை முடிந்த மாதத்தில்
பவித்ரா வேறொரு தாளை எடுத்தாள்.
"மேடம், இனிமே நீங்க நிறையச் சாப்பிடலாம்."
செலஸ்டின் முகத்தில் பாயாசம் வைத்ததுபோல் ஒரு சிரிப்பு.
அவள் முடிக்கவில்லை.
"வாரம் மூணு தடவை டயாலிசிஸ்.
அதுல புரோட்டீன் வெளிய போயிடும்.
கோழி, மீன், முட்டை வெள்ளை, சாப்பிட்டே ஆகணும்."
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அவர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அந்த ஞாயிறு
நயாஸ் பாய் தராசில் அரைக்கிலோ ஏறியது.
வீட்டில் என் தட்டில் பெரிய துண்டுகள்.
நிறுக்கும் தராசைச் செலஸ்டின்
பரணில், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால்
தள்ளிவிட்டிருந்தார்.
கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்,
அது எதையும் சொல்லிவிடக் கூடாதென்று.

சின்னவன் தன் தட்டிலிருந்து
இன்னொரு துண்டை எடுத்து வைத்தான்.
"சாப்பிடும்மா. இப்போ சாப்பிடலாம்ல?"

சாப்பிட்டேன்.
உப்பு மட்டும்
இன்னும் இல்லை.